அக்குவாஃபிட் வகுப்பு நடக்கும்போது நீந்துவது எப்படி? கோபமான ஒரு கடிதத்துக்கு முன் சில விளக்கங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையம். 25 மீட்டர் நீளம், ஆறு லேன் (கயிறு கட்டிப் பிரித்த நீந்தும் தடம்) உள்ள நீச்சல் தடாகம். நீங்கள் செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னரே போய் நாற்பது நிமிடம் நீந்துகிறீர்கள். இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அதே நேரத்தில் மூத்தவர்களுக்கான அக்குவாஃபிட் வகுப்பு (பாட்டுக்கு ஏற்பத் தண்ணீருக்குள் நின்று செய்யும் உடற்பயிற்சி) வைத்து, மூன்று லேன்களை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் மூன்றில் நெரிசல். அலை வாய்க்குள் அடிக்கிறது, பாட்டுச் சத்தம் காதைத் துளைக்கிறது, தண்ணீர் சூடாக இருக்கிறது. வகுப்புக்கு முன்னரே வந்து இறங்கும் அம்மாமார் சுவரோரம் நின்று கதைப்பதால் உங்களுக்குத் திரும்ப இடமில்லை. மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறீர்கள்; அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

அனுப்புங்கள். ஆனால் அதில் "எங்கள் லேன்களைத் திருப்பித் தாருங்கள்" என்ற பத்தியை எடுத்துவிட்டு வேறொன்றை எழுத வேண்டும். என்ன எழுதுவது, ஏன் என்பதைத்தான் கீழே சொல்கிறேன். நான் டொராண்டோவின் தடாகங்களில் முதலில் உயிர்காப்பாளராகவும் பிறகு அக்குவாஃபிட் பயிற்றுநராகவும் பதினாறு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன் நானும் ஒன்றரை கிலோமீட்டர் நீந்துகிறவள். கயிற்றின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்த மூன்று லேன் கணக்கு. அக்குவாஃபிட்டுக்கு வேண்டியது லேன் அல்ல, ஆழம். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் தாங்குகின்றன. நெஞ்சளவு போனால் மூன்றில் ஒரு பங்கு. கழுத்துவரை போனால் பத்தில் ஒன்று. முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு நெஞ்சளவு தண்ணீர்தான் மருந்து. அதற்குக் குறைந்தால் துள்ளும்போது மூட்டில் அடி விழும். கூடினால் கால் தரையில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போவார். நம்முடைய அம்மம்மாமாரின் உயரத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலருக்கு நெஞ்சளவு என்றால் 1.1 அல்லது 1.2 மீட்டர். பழைய சமூக நிலையத் தடாகங்களில் அந்த ஆழம் கிடைப்பது ஒரு முனையில் மட்டும்தான். அங்கிருந்து தரை சரிந்து, மறுமுனையில் மூன்று மீட்டரைத் தாண்டிவிடும்.

ஆகவே மூன்று லேன்களை நீளவாக்கில் கொடுத்தாலும் வகுப்பு நடப்பது முதல் 12 மீட்டரில்தான். ஒரு லேனின் அகலம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் 7.5 மீட்டர். 12ஆல் பெருக்கினால் 90 சதுர மீட்டர். கையை விரித்து, காலைப் பின்னால் உதைத்து, பக்கத்தில் நிற்பவரை இடிக்காமல் ஆட ஒருவருக்கு மூன்று, மூன்றரை சதுர மீட்டர் வேண்டும். அதாவது 25 முதல் 30 பேர். உங்கள் வகுப்பில் 26 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். இடம் சரியாக நிரம்பியிருக்கிறது; யாரும் வீணாக்கவில்லை. அதே மூன்று லேன்களில் நீந்துபவர்களை விட்டால், போய் வர 50 மீட்டர் சுற்றில் ஐந்து பேர் பத்து மீட்டர் இடைவெளியோடு போகலாம். மொத்தம் பதினைந்து பேர். மேலாளரின் மேசையில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தண்ணீரைச் சூடாக்கும் செலவும் உயிர்காப்பாளர் சம்பளமும் இரண்டுக்கும் ஒன்றுதான். "லேனைத் திருப்பித் தா" என்று கேட்டால் நீங்கள் தோற்பது அந்தக் கணக்கில்தான்.

நீங்கள் வெல்லக்கூடிய இடம் வேறு. அந்த மூன்று லேன்களின் ஆழமான பாதி, 13 மீட்டர் நீளம், வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரமும் வெறுமையாகக் கிடக்கிறது. நீங்கள் மூச்சு முட்ட நெரிசலில் நீந்தும்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லாத நீல நிறத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அதில் நீளவாக்கில் நீந்த முடியாது, உண்மைதான். ஆனால் ஆழ்நீர் வகுப்பு நடத்தலாம். இடுப்பில் மிதவைப் பட்டி கட்டிக்கொண்டு, தரையில் கால் படாமல், நின்ற நிலையில் ஓடுவது போலச் செய்யும் வகுப்பு அது. முதுகெலும்பிலும் முழங்காலிலும் அடியே விழாது. வயது குறைந்தவர்களும் காயம்பட்ட ஓட்டக்காரர்களும் அதைத்தான் விரும்புவார்கள். டொராண்டோவின் பல நிலையங்களில் ஆழமில்லாத வகுப்பும் ஆழ்நீர் வகுப்பும் வாரத்தில் தனித்தனி நேரங்களில் நடக்கின்றன. இரண்டு நேரங்களிலும் பாதித் தடாகம் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே மணி நேரத்தில், அதே மூன்று லேன்களின் இரண்டு முனைகளிலும் வைத்தால் வாரத்தில் ஒரு காலை முழுவதும் ஆறு லேன்களும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். நான் வேலை செய்த ஓரிடத்தில் இப்படித்தான் செய்தோம். ஒரு பயிற்றுநரும் ஒரு உயிர்காப்பாளரும் கூடுதலாக வேண்டியிருந்தது. ஆனால் மற்ற நாளில் அந்த இருவரும் தேவைப்படவில்லை. ஆகவே செலவு ஏறவில்லை. அக்குவாஃபிட்காரர்களில் ஒருவர்கூட வகுப்பை இழக்கவில்லை. கடிதத்தில் இதைக் கேளுங்கள்.

இனி அலை. லேன் கயிற்றில் கோர்த்திருக்கும் வட்டத் தட்டுகள் அழகுக்கு வைத்தவை அல்ல. அவை சுழன்று அலையின் வேகத்தை உடைக்கின்றன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் தங்கம் வென்ற அமெரிக்கர் அடால்ஃப் கீஃபர் பின்னாளில் நீச்சல் சாதனங்கள் செய்யும் நிறுவனம் நடத்தினார். அலையைத் தின்னும் இந்த வகைக் கயிற்றைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தட்டுகள் அடக்குவது நீந்துபவரின் கை, காலிலிருந்து வரும் சிறு அலைகளை. இருபத்தாறு பேர் ஒன்றாக நகரும்போது எழுவது வேறு சாதி அலை. அது தண்ணீரின் மேல்மட்டத்தில் ஓடுவதில்லை. முழுத் தடாகமும் குடத்துத் தண்ணீர் போல ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்குகிறது. கயிறு அதை ஒன்றும் செய்யாது.

பயிற்றுநராக இருந்த முதல் ஆண்டில் எனக்கே இது பிடிபடவில்லை. ஒரு பாட்டுக்கு மட்டும் தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்து என் சப்பாத்தை நனைக்கும், மற்றப் பாட்டுகளுக்கு அப்படி ஆகாது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் தண்ணீர் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கம் போய்த் திரும்ப ஏறத்தாழ 8 விநாடி எடுக்கும். நிமிடத்துக்கு 125 தாளம் உள்ள பாட்டில் எட்டு எண்ணிக்கை வலப்பக்கம், எட்டு எண்ணிக்கை இடப்பக்கம் நகர்ந்தால், அதுவும் ஏறத்தாழ 8 விநாடி. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவது போல, வகுப்பு ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். முன்வரிசைகள் வலம் போகும்போது பின்வரிசைகள் இடம் போகும். ஒருவர் தள்ளியதை மற்றவர் அழிப்பார். பயிற்சியின் பயன் இம்மியும் குறையவில்லை, எதிரெதிர் நீரோட்டத்தில் நகர்வதால் கொஞ்சம் கூடியதென்றே சொல்வேன். பக்கத்து லேனில் நீந்துகிறவர் ஒருவர் மூன்றாம் வாரம் வந்து, தண்ணீர் மாற்றினீர்களா என்று கேட்டார். உங்கள் பயிற்றுநரிடம் இதைத் தனியாக, வகுப்பு முடிந்தபின், மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் செய்வார்கள்; ஒருவரும் அவர்களிடம் சொன்னதில்லை என்பதுதான் விஷயம்.

உங்கள் பக்கத்திலும் ஒரு திருத்தம் இருக்கிறது. கனடாவில் லேனின் வலப்பக்கமாகப் போய் வலப்பக்கமாகவே திரும்புகிறோம். அதாவது போகும்போது வகுப்பு உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் வரும்போது வலக்கைப் பக்கம் இருக்கும். எப்போதும் வலப்பக்கமே மூச்செடுக்கிறவர் ஒரு நீளம் நிம்மதியாகப் போய், அடுத்த நீளத்தில் தண்ணீர் குடிக்கிறார். நீங்கள் "சில நேரம் நன்றாக இருக்கிறது, சில நேரம் தாங்கவே முடியவில்லை" என்று எழுதியதைப் படித்ததும் இதுதான் எனக்குத் தோன்றியது. இரு பக்கமும் மூச்செடுக்கப் பழகுங்கள். மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை மூச்சு என்று தொடங்கினால் பக்கம் தானாக மாறும். பழகிய பின் வகுப்பு இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, மறு பக்கம் மட்டும் மூச்செடுக்கலாம். முதல் இரண்டு வாரம் சிரமம். கழுத்து ஒரு பக்கம் விறைப்பாக இருக்கும். அதற்குப் பிறகு நீச்சலே நேராகிவிடும்.

மூன்று லேன்களை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்பதிலும் பல இடங்களில் தவறு நடக்கிறது. மெதுவாக நீந்துபவர்களை வகுப்புக்குப் பக்கத்துக் கயிற்றோரம் போட்டுவிடுகிறார்கள், "அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்" என்று. அது கொடுமை. தலையைத் தூக்கிப் பிடித்து நீந்துகிறவர்களும் கிக்போர்டு (மிதவைப் பலகை) பிடித்தவர்களும்தான் அந்த அலையில் அதிகம் அவதிப்படுவார்கள். களைத்தால் பிடித்துக்கொள்ளக் கரையும் அருகில் இல்லை. என் அனுபவத்தில் சரிவந்த ஒழுங்கு இது: வகுப்புக்கு எதிர்ப்புறச் சுவரோரம் மெதுவானவர்கள், நடுவில் வேகமானவர்கள், வகுப்பை ஒட்டி நடுத்தர வேகத்தினர். நடுத்தர வேகத்தில் நீந்தக்கூடியவருக்கு அலையைச் சமாளிக்கும் பலம் இருக்கும், நேரத்தைத் துல்லியமாக அளக்கும் தேவை பெரும்பாலும் இருக்காது.

தண்ணீர்ச் சூட்டைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம்தான், ஆனால் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். போட்டித் தடாகங்களுக்கு உலக நீச்சல் அமைப்பு விதித்திருப்பது 25 முதல் 28 பாகை செல்சியஸ். அக்குவாஃபிட்டுக்குப் பரிந்துரைப்பது 28 முதல் 30. மூட்டுவாதக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. தண்ணீர் உடலின் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உறிஞ்சிவிடும். ஆகவே 27 பாகையில் நீங்கள் உற்சாகமாக நீந்தும்போது, அசைவு குறைந்த எழுபத்தைந்து வயதுக்காரரின் உதடு நீலமாகிவிடும். 30இல் அவர் சுகமாக இருப்பார், உங்களுக்கு முகம் சிவந்து தலை கனக்கும். நடுவில் ஓர் எண்ணில் நிலையம் நிற்கிறது. இருவருக்கும் அரைத் திருப்தி. வகுப்புக்கு மட்டும் கூட்டிவிட்டுப் பிறகு குறைக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தடாகத்தில் குறைந்தது 600 கன மீட்டர் தண்ணீர் இருக்கும். அதை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 700 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். 100 கிலோவாட் கருவி ஏழு மணி நேரம் ஓட வேண்டும். குறைப்பதோ, இயற்கையாக ஆறும்வரை காத்திருப்பதுதான். காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் வேறு வேறு சூடு என்பது ஒரே தடாகத்தில் நடக்காது. நீங்கள் செய்யக்கூடியது, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கரையில் வைத்துக்கொண்டு, இறப்பர்த் தொப்பிக்குப் பதில் துணித் தொப்பி போடுவது. தலையின் சூடு உள்ளே அடைபடாது. அல்லது, காரில் போக முடிந்தால், வாரத்தில் ஒரு நாளாவது 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காக ஸ்காபரோவில் கட்டிய மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பத்து லேன் கொண்ட 50 மீட்டர் தடாகங்கள் இரண்டு இருக்கின்றன. அந்த அளவில் இடத்துக்கான இழுபறி வெகுவாகத் தளர்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, வகுப்பு தொடங்கும் முன் வரும் பத்து நிமிடங்களைப் பற்றி. சண்டைகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன, காயங்களும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கரையில் நின்ற ஒரு காலை. வகுப்புக்குப் பத்து நிமிடம் இருந்தது. லேன்கள் இன்னும் நீந்துபவர்களிடம்தான் இருந்தன. முழங்கால் மாற்று அறுவை செய்து ஐந்து மாதமான ஒரு மாமி, முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை நீளும் நீச்சலுடையும் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படி படியாக இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலும் வர வேண்டும். நல்ல கால், பிறகு மற்றக் கால். இறங்கி முடித்துச் சுவரில் சாய்ந்தார். அப்போது நல்ல வேகத்தில் வந்த ஒருவர் சுவருக்கு முன் குட்டிக்கரணம் அடித்துத் திரும்பினார். அவருடைய குதிகால் மாமியின் இடுப்பில் பட்டது. மாமி விழவில்லை, தண்ணீர் தாங்கிக்கொண்டது. ஆனால் முகம் வெளுத்துவிட்டது. நீந்தியவரும் நடுங்கிப்போய் நின்றார். அவர் கண்ணாடிக்குள்ளால் சுவரின் கறுப்புக் கோட்டைத்தான் பார்த்திருக்கிறார்; அங்கே ஓர் ஆள் நிற்பார் என்று எதிர்பார்க்கவில்லை. இருவரிலும் பிழை இல்லை. பிழை எங்களுடையது: ஒரே தண்ணீரை ஒரே நேரத்தில் இருவருக்கும் திறந்து வைத்தது.

அந்த மாமியிடம் ஏன் அவ்வளவு முன்னரே இறங்கினீர்கள் என்று பிறகு கேட்டேன். "பிள்ளை, வாங்கில் இருந்தால் குளிரில் முழங்கால் இறுகிவிடும். தண்ணீருக்குள்தான் அது என்னோடு சண்டை பிடிப்பதில்லை" என்றார். கதைப்பதற்காக வரவில்லை அவர். அரை மணிக்கு ஒருமுறை வரும் பஸ்ஸில், பனியில் விழாமல், முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் வகுப்பே இல்லை என்று முன்னதாக வருகிறவர். ஈர உடம்போடு காத்திருக்க வைத்தால் வலி.

அதன்பின் நாங்கள் மாற்றியது மூன்றே காரியம். அட்டவணையில் லேன் நீச்சல் முடியும் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னுக்கு எழுதினோம், எத்தனை லேன் இருக்கும் என்பதையும் எழுதினோம். அதைப் பார்த்து வருகிறவரை நடுவில் தண்ணீரிலிருந்து வெளியேறச் சொல்ல வேண்டியிருக்காது. வகுப்பில் உள்ளவர்கள் கயிறு நகர்ந்து முடியும்வரை வெந்நீர் ஷவரின் கீழ் நிற்கலாம் என்று சொன்னோம். குளிர்ப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. நனைந்த லேன் கயிற்றை இழுத்து, இறுக்கியைத் திருகிப் பூட்ட இரண்டு பேருக்கு ஐந்தாறு நிமிடம் போதும். அந்த நேரத்தில் தண்ணீரில் ஒருவரும் இருக்கக் கூடாது என்பது மூன்றாவது.

ஷவர் என்றதும் இன்னொன்று. ஒன்டாரியோவின் பொதுத் தடாக விதிகளின்படி ஒவ்வொருவரும் கரைக்கு வரும் முன் வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் குளித்திருக்க வேண்டும். கண் எரிய வைக்கும் அந்த "குளோரின் வாசம்" குளோரின் அதிகமானதால் வருவதல்ல. வியர்வை, பூச்சு, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் அது. நம்முடைய மூத்தவர்கள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தபடியே தொப்பியை மாட்டிக்கொண்டு வருவதுண்டு. எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதந்து வடிகட்டியில் ஒட்டும். இதைத் தமிழில், தாழ்மையாகச் சொன்னால் கேட்பார்கள். ஆங்கில அறிவிப்புப் பலகை வேலை செய்யாது. நீந்துகிறவர்களில் குளிக்காமல் குதிப்பவர்களும் நிறையப் பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டுச் சத்தத்துக்கு உங்களிடம் பலமான ஒரு வாதம் இருக்கிறது: பாதுகாப்பு. ஓடு பதித்த சுவரும் தண்ணீரும் ஒலியை உறிஞ்சுவதில்லை. உயிர்காப்பாளரின் விசில் தடாகத்தின் மறு முனைக்குக் கேட்காத அளவுக்குப் பாட்டு இருக்கக் கூடாது. "எரிச்சலாக இருக்கிறது" என்று எழுதாமல், "விசில் கேட்கவில்லை" என்று எழுதுங்கள், உண்மையாகவே கேட்கவில்லை என்றால். ஒலிபெருக்கியைத் தடாகத்துக்கு நடுவில் வைக்காமல், வகுப்பின் முன்னால், வகுப்பைப் பார்த்துத் தாழ்வாக வைத்தாலே பாதி குறையும்.

நெரிசலான லேனில் நீந்தும் ஒழுங்குகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்: ஓய்வெடுக்கும்போது லேனின் மூலையில் ஒதுங்குங்கள், சுவரின் நடுப்பகுதி திரும்புகிறவருக்கு. வேகமானவர் காலைத் தொட்டால் அடுத்த சுவரில் விட்டுக்கொடுங்கள்.

கடிதத்தை இப்படி எழுதலாம் என்பது என் எண்ணம். முதல் வரியில், வகுப்பு தொடர வேண்டும் என்று எழுதுங்கள். அதை மனதார எழுத முடியவில்லை என்றால் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு நின்று, வகுப்பு முடிந்து படியேறி வருகிறவர்களின் நடையைப் பாருங்கள், உள்ளே இறங்கியபோது இருந்த நடையோடு ஒப்பிட்டு. பிறகு, ஆழ்நீர் வகுப்பையும் ஆழமில்லாத வகுப்பையும் ஒரே மணி நேரத்தில் சேர்த்து, ஒரு காலையை முழுமையாக லேன் நீச்சலுக்கு விடும்படி கேளுங்கள். அட்டவணையில் லேன் எண்ணிக்கையும் கயிறு மாற்றும் பத்து நிமிடமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மெதுவானவர்களைச் சுவரோரம் மாற்றச் சொல்லுங்கள். அக்குவாஃபிட் வகுப்பிலிருந்து இருவரையாவது கையெழுத்திடக் கேளுங்கள். உங்களோடு ஒரே லேனில் இடிபடும் மற்ற நீந்துபவர்களின் கையெழுத்தைவிட அந்த இரண்டும் மேலாளரிடம் அதிகம் பேசும். புதிய பருவத்துக்கான அட்டவணையைப் பல வாரங்களுக்கு முன்னரே தீர்மானித்துவிடுவார்கள், ஆகவே வசந்தகால அட்டவணைக்கு இப்போதே கொடுத்தால் நல்லது.

வரும் செவ்வாய்க்கிழமை நீங்கள் எந்த லேனில் இறங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். 100 மீட்டரை இரண்டு நிமிடத்தில் நீந்துகிறேன் என்கிறீர்கள், அது நடுத்தர வேகம். வகுப்பை ஒட்டிய லேனில் இறங்குங்கள், வகுப்பு இல்லாத பக்கம் மூச்செடுத்துக்கொண்டு.